ரியோவின் மணல் பல்லிக்கு அந்தச் செடிப்பட்டையை விட்டுவையுங்கள்

ரியோ டி ஜெனீரோ மாநில அரசுக்கும், மராம்பாயா தொடங்கி கபோ ஃபிரியோ வரையுள்ள கடற்கரை நகராட்சிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் கரையில் வாழும் மணல் பல்லிக்காக இந்த மடல். லியோலேமஸ் லுட்ஸே என்பது அதன் அறிவியல் பெயர். வாலை விட்டுவிட்டுப் பார்த்தால் ஒரு விரல் நீளம். மணலின் நிறம்தான் அதற்கும். அசையாமல் இருந்தால் கண்ணுக்குப் படாது. துரத்தினால் மணலுக்குள் புகுந்துவிடும். அதன் இயல்பான இருப்பிடம் உலகத்திலேயே உங்கள் மாநிலத்துக் கடற்கரை மட்டும்தான்.

அதிலும் கரை முழுவதும் அதற்குச் சொந்தமில்லை. அலை ஏறும் கோட்டுக்கு அப்பால், கொடியும் புல்லும் மணலைப் பிடித்து நிறுத்தும் ஒடுங்கிய பட்டைதான் அதன் இடம். வெறும் மணலில் அது தங்காது, உள்ளே புதர் அடர்ந்த பக்கமும் போகாது. குஞ்சாக இருக்கும்போது பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. வளர்ந்த பிறகு பெரும்பாலும் இலையும் பூவும்தான். ஆக, செடி போனால் நிழலும் போயிற்று, சாப்பாடும் போயிற்று. பக்கத்துக் கரைக்குப் போய்ப் பிழைக்கலாம் என்றால் நடுவே பாறையும் கட்டடமும்.

அந்தப் பட்டையில் படரும் கொடிகளில் ஒன்று அடும்பு. எங்கள் கடற்கரையிலும் அது உண்டு. எங்கள் பழைய நெய்தல் பாட்டுகளில் தலைவனின் தேர் அடும்புக்கொடியை அறுத்தபடி வரும். உங்கள் கரையில் இன்று அதை அறுப்பவை வண்டிச் சக்கரங்களும், நாள் தவறாமல் மிதிக்கும் கால்களும், கரையோரக் கட்டுமானங்களும். கோபகபானாவில் சாலை முடிந்ததும் வெறும் மணல்தான். அங்கே இந்தப் பல்லிக்கு எங்கே இடம்?

சட்டம் இல்லாமலா இப்படி? இருக்கிறது. மணல்மேடுகளை நிலைநிறுத்தும் ரெஸ்டிங்கா செடிப்பரப்பை நிரந்தரப் பாதுகாப்புப் பகுதி என்கிறது உங்கள் நாட்டின் 2012 வனச் சட்டம். கடலோரத்திலிருந்து 300 மீட்டர் வரையுள்ள ரெஸ்டிங்காவைக் காக்கும் 2002ஆம் ஆண்டு விதியை 2020இல் தேசியச் சுற்றுச்சூழல் மன்றம் ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் தலையிட்டு அந்த ரத்தை நிறுத்தியது. நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்த விதி கரையில் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? 2011இல் நீங்கள் அமைத்த கோஸ்டா டோ சோல் மாநிலப் பூங்கா நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கிறது. துண்டுகளுக்கு இடையிலுள்ள கரைகளை நகராட்சிகள்தான் கவனிக்க வேண்டும்.

இந்தப் பல்லியின் பெயரில் இருப்பவர் பெர்த்தா லுட்ஸ். ரியோவின் தேசிய அருங்காட்சியகத்தில் தவளைகளை ஆராய்ந்தவர், பிரேசில் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர். 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்ட நான்கு பெண்களில் ஒருவர். ஆணும் பெண்ணும் சமம் என்பது அந்தச் சாசனத்தில் இடம்பெற விடாது வாதாடியவர்களில் ஒருவர். 2018இல் அந்த அருங்காட்சியகம் தீயில் எரிந்தபோது எவ்வளவோ போய்விட்டது. அவர் பெயர் தாங்கிய உயிர் இன்னும் உங்கள் மணலில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதையும் இழந்துவிடாதீர்கள்.

நான் கேட்பதற்குப் பெரிய செலவில்லை. மக்கள் கடலுக்குப் போகத்தான் வேண்டும். அவர்களுக்குச் செடிகளின் மேலாக மரப்பாதை போடுங்கள். பட்டையின் இருபுறமும் குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். அதற்குள் எந்த வண்டியும் வரக்கூடாது, குப்பை அள்ளும் டிராக்டர் உட்பட. அங்கே குப்பையைக் கையால் பொறுக்கட்டும். செடி அழிந்த இடத்தில் அழகுக்கென்று வெளியூர்ப் புல்லை வைக்காமல், அந்தக் கரையின் செடிகளையே திரும்ப நடுங்கள். அப்புறம், அங்கே என்ன வாழ்கிறது என்று போர்ச்சுகீஸில் ஒரு பலகை, படத்தோடு. தெரிந்தால் மக்கள் விலகி நடப்பார்கள் என்று நம்புகிறேன்.

டிசம்பரில் உங்கள் கோடைக் கூட்டம் வந்துவிடும். அதற்கு முன் கயிறாவது கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழில் எழுதும் ஓர் உயிரின ஆர்வலர்