அவள் யாரிடம் சொன்னாள்?

வண்ணாரப்பேட்டை முதல் திருவொற்றியூர் வரை எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமையோடு மொட்டை மாடியில் நடக்கும் நம் வாசிப்புக் கூட்டம் முப்பதை எட்டிவிட்டது. கதையிலும் கூத்திலும் மெய்யான வாழ்விலும் மனம் நொந்துபோன பெண்களை, சிறுமிகளை எடுத்து அலசுவது என்று தொடங்கிய வேலை இத்தனை தூரம் வரும் என்று நான் நினைக்கவில்லை. நேரில் நன்றி சொல்ல முயன்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இதற்கு விதை என் சின்ன அத்தை. எனக்கு அப்போது ஒன்பது வயது. கல்யாணமாகி ஏழெட்டு மாதத்தில் அத்தை எங்கள் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஓர் இரவு அடுப்படி வாசலில் உட்கார்ந்து பாட்டியிடம் மெல்லிய குரலில் வெகுநேரம் ஏதோ சொன்னாள். பாட்டி கடைசியில், "பொறுத்துப் போ" என்றாள். அதன்பிறகு அத்தை பேசுவதையே நிறுத்திவிட்டாள். பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலையால் அடித்தார்கள். கூடத்துத் தூணுக்குப் பின்னால் நின்று அதையும் பார்த்தேன். முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியபோதெல்லாம் அந்த அடுப்படி வாசல்தான் என் கண்முன் நின்றது. ஆகவே எந்தப் பெண்ணின் கதையை எடுத்தாலும் முதலில் ஒன்றைக் கேட்போம் என்று முடிவு செய்தோம்: அவள் யாரிடம் சொன்னாள்? கேட்டவர் அந்தச் சொல்லை என்ன செய்தார்?

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போனால் எத்தனை கதவுகள் திறந்தன! கோவலனைப் பிரிந்திருந்த கண்ணகி தன் தீக்கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். அவளும் அன்பாகத்தான் வழி சொல்கிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற குளங்களில் ஆடிக் காமவேளைத் தொழு, கணவன் வந்து சேர்வான் என்று. கண்ணகி அதற்கு ஒரே சொல்லில் 'பீடன்று', அது பெருமை அல்ல என்று மறுத்துவிடுகிறாள். அந்த இடத்தை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர்தான் அதை எனக்கு விளக்கினார்: "அவள் பாரத்தை இறக்கி வைக்க வந்தாள் டீச்சர், பரிகாரம் கேட்க வரவில்லை." அம்மா, விடியற்காலை ஏலத்துக்குப் போய்விட்டு, கூடையோடு அப்படியே மாடி ஏறி வந்தீர்களே, உங்களுக்கு என் முதல் நன்றி.

கிளை நூலகத்தின் நூலகருக்கு அடுத்த நன்றி. ஒரே புத்தகம் பன்னிரண்டு பேருக்கு வேண்டும் என்று நாங்கள் நின்றபோது, மற்ற கிளைகளில் கேட்டு வாங்கிக் கொடுத்தீர்கள். ஜெயகாந்தன் 1966இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதையையும், அதன் முடிவை மாற்றி அவரே விரித்து எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொன்னது நீங்கள்தான். மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த மாணவியை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான், அவள் அதை வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். இரண்டிலும் அதே மழை, அதே பஸ் நிறுத்தம், அதே கார். சிறுகதையில் தாய் மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். நாவலில் தாயின் கூச்சல் வீடு முழுக்கக் கேட்கிறது, அண்ணன் தங்கையை வெளியே தள்ளுகிறான். கேட்டவள் வாயில் அந்த ஒரு கணத்தில் வந்த சொல் ஒரு பெண்ணின் எஞ்சிய ஆயுளையே திருப்பிவிட்டது. அன்று கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

ராயபுரத்து அரசு மருத்துவமனையில் வேலை செய்து ஓய்வு பெற்ற செவிலியர் அக்காவுக்கு நான் பட்ட கடனை அடைக்க முடியாது. கதையில் வருகிறவளுக்கெல்லாம் நோயின் பெயர் சூட்டத் துடித்த எங்களைத் தடுத்தவர் அவர். "நாளை நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கும் இதே பழக்கத்தில் பெயர் வைத்துவிடுவோம்" என்றார். மனநலச் சட்டம் 2017இல் வந்ததையும், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே அது கருதச் சொல்வதையும், அவர் தண்டனைக்கு உரியவர் அல்லர் என்பதையும் பொறுமையாக விளக்கினார். பதினெட்டு வயது நிறையாத பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், அதை மூடி வைக்கக் கேட்டவருக்கு உரிமை இல்லை, காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டோம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநலத்துக்கு 14416 என்ற மூன்று உதவி எண்களையும் எல்லோர் நோட்டிலும் முதல் பக்கத்தில் எழுத வைத்தார்.

மனநோய்க்குப் பேச்சால் மருத்துவம் பார்த்த ஃபிராய்ட், 'டோரா' என்று பெயர் மாற்றி எழுதிய வியன்னாப் பெண்ணை எங்களுக்குச் சொன்னவரும் அவரே. மெய்ப்பெயர் இடா பாவர். 1900இல், பதினெட்டு வயதில், அவள் தந்தை அவளை ஃபிராய்டிடம் கொண்டுபோய் விட்டார். குடும்ப நண்பர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்ததை அவள் முன்பே தாயிடம் சொல்லியிருந்தாள். தாய் தந்தையிடம் சொன்னார். தந்தை அந்த மனிதரையே கேட்டார். அவர் இல்லை என்றார். வீடு அவரை நம்பியது. அந்த மனிதரின் மனைவியோடு தந்தைக்கு உறவு இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஃபிராய்ட் அவள் சொன்னதை நம்பினார், ஆனால் அவளுக்கும் அந்த ஆளின் மேல் ஆசை இருந்தது என்று அவளிடமே வாதாடினார். பதினோரு வாரத்தில் அவள் எழுந்து போய்விட்டாள். அடுத்த ஆண்டு தானே அந்த வீட்டுக்குப் போய் உண்மையை அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தாள். இந்தக் கடைசிச் செய்தியைக் கேட்டதும் எங்களில் நாலைந்து பேர் கைதட்டிவிட்டார்கள். எனக்கு அத்தையின் நினைவு வந்தது.

வியாசர்பாடி கூத்துக் கலைஞர் ஐயாவுக்கு என் வணக்கம். நாற்பது ஆண்டுகள் பெண் வேடம் கட்டியவர். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளோடு பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணன் இல்லாத வேளையில் அண்ணியிடம் அவமானப்படும் இடத்தை மாடியிலேயே ஆடிக் காட்டினார். கிணற்றடிக் காட்சியை மட்டும் ஆட மறுத்துவிட்டார். "அவள் வாசலில் நின்ற நேரத்தைப் பாருங்கள், கிணற்றை எல்லோரும் பார்த்தாகிவிட்டது" என்றார்.

சுந்தரர் மணந்த நம் ஊர்ச் சங்கிலி நாச்சியாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் நிறையாது. திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்த எங்களில் பலர் மாசித் திருவிழாவில் அவர்கள் கல்யாணத்தைக் காட்டும் மகிழடி சேவை பார்த்தே பழகியவர்கள். பெரியபுராணத்தில் அவள் பக்கமாக நின்று அதை வாசித்தது இப்போதுதான். செங்குன்றத்துக்கு அப்பால் இருக்கும் ஞாயிறு அவள் ஊர். பெற்றோர் திருமணப் பேச்சை எடுத்ததும் மயங்கி விழுந்தாள். தேறியதும் தன் மனத்தைச் சொன்னாள். பெற்றோர் அவள் சொல்லை மதித்து ஒற்றியூரில் கன்னிமாடம் அமைத்து அனுப்பினார்கள். அந்தக் காலத்திலேயே அப்படிக் காது கொடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள்! பிறகு சுந்தரர் வந்தார். உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து மணந்தார். தென்றல் வீசியதும் திருவாரூர் நினைவு வந்து எல்லை தாண்டினார், கண் இழந்தார். அதன்பின் புராணம் அவர் கண்ணைத் தேடி அவரோடு நடக்கிறது. ஆரூரில் அவருடைய முதல் மனைவி பரவையின் ஊடலைத் தீர்க்க இறைவனே இருமுறை தூது போகிறார். ஒற்றியூருக்கு அப்படி ஒரு தூது போனதாக நான் படித்ததில்லை.

முப்பது கூட்டத்துக்கும் வந்து, இருபத்தொன்பதிலும் வாய் திறக்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த தங்கை ஒருத்தி அன்று கேட்டாள்: "அவர் போன பிறகு சங்கிலி யாரிடம் சொல்லி அழுதிருப்பாள்?" மாடியில் கொஞ்ச நேரம் பேச்சே எழவில்லை. பிறகு மீன்கார அம்மா நகர்ந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன்பின் அந்தத் தங்கை பேசியதை இங்கே எழுத மாட்டேன். அது மாடியிலேயே இருக்கும். எங்களை நம்பிச் சொன்னதற்கு, தாயே, உனக்கு நன்றி.

பக்கங்களைப் பாதி விலைக்கு நகல் எடுத்துத் தந்த தண்டையார்பேட்டைத் தம்பிக்கும், ஞாயிறு மதியம் அடுப்பைப் பார்த்துக்கொண்ட கணவன்மாருக்கும், பிள்ளைகளுக்கும் நன்றி. மொட்டை மாடியைத் திறந்துவிட்டு, மழை நாளில் கூடத்தையும் ஒழித்துக் கொடுத்த வீட்டுக்கார அக்காவுக்கு என்ன சொல்வது! உங்கள் கோரைப்பாய் மூன்று இன்னும் என் வீட்டில் இருக்கின்றன அக்கா. வெயிலில் உலர்த்திச் சுருட்டி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை மாலை கொண்டுவருகிறேன்.