மாப்பிள்ளை, உன் விண்ணப்பத்தில் 7 வருடம் குறைகிறது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆடி பிறந்தால் எங்களுக்கு வேலை இல்லை என்பது உனக்குத் தெரியும். முகூர்த்தம் கிடையாது, பேண்ட் செட் யூனிபார்ம் கொடியில் தொங்குகிறது. நேரில் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே "சரி மாமா" என்பாய். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு நீ எழுதிய டிரம்பெட் விண்ணப்பத்தை எனக்கு அனுப்பி, பென்னாகரம் ரோட்டில் பிரிண்ட் எடுத்து வைக்கச் சொன்னாய் அல்லவா? படித்தேன். படிக்கக் கூடாது என்று நீ சொல்லவில்லையே. லண்டன் டிரினிட்டி கல்லூரி இசைத் தேர்வில் 8-ஆம் கிரேடு இருக்கிறது. சென்னையில் படித்தது இருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் ஊதியதுகூட இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு லீவில் தொடங்கி காவேரிப்பட்டணம், பாலக்கோடு, ராயக்கோட்டை என்று என்னோடு சுற்றி ஊதிய 7 வருடத்தை மட்டும் காணோம்.

கோபம் இல்லை. (கொஞ்சம் இருந்தது. இரண்டு நாள் உன் அத்தைதான் மாட்டிக்கொண்டாள்.) படித்த இடத்தில் எவனோ உன்னை "சாவு டிரம்பெட்" என்று கூப்பிட்டானாம், உன் அம்மா சொன்னாள். அதற்குப் பிறகுதான் நீ எந்த எழவுக்கும் வருவதை நிறுத்தினாய் என்பதும் அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

சரி, ஒன்று கேட்கிறேன். ஆடிஷனுக்குத் தயார் செய்கிறேன் என்று மொட்டை மாடியில் தினமும் ஊதுகிறாயே, ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலர் எழுதிய ஐந்தாவது சிம்பனியின் தொடக்கம், அது என்ன? மூன்று குட்டிச் சுரம், ஒரு நீளச் சுரம். மறுபடி மூன்று, ஒரு நீளம். அத்தனை பெரிய ஆர்கெஸ்ட்ராவும் சும்மா உட்கார்ந்திருக்க, ஒற்றை டிரம்பெட் மட்டும் ஆரம்பிக்கிறது. அந்த முதல் பகுதி சவ ஊர்வலத்துக்கான நடை என்று நீதானே சொன்னாய்? மாலர் சின்ன வயதில் பட்டாளத்து பேண்ட் கேட்டு வளர்ந்தவர் என்பதையும் நீதான் சொன்னாய். அப்படியானால் அவரும் நம்ம பக்கத்து ஆள்தான்.

மாரண்டஅள்ளியில் ஒரு பாட்டி செத்ததற்குப் போனோமே, நினைவிருக்கிறதா? டிரம் வந்த வண்டி வழியில் பஞ்சர். பாடையைத் தூக்கப் போகிறார்கள். உனக்கு அப்போது மீசைகூட வரவில்லை. சந்து முனையில் தனியாக நின்று ஊத ஆரம்பித்தாய். தாளம் இல்லை, துணைக்கு யாரும் இல்லை. அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு நிமிடம் அடங்கிப்போய், பிறகு முன்னைவிடப் பெரிதாக அழுதார்கள். முதல் சுரம் துளி நடுங்கவில்லையடா. அதை எந்த வாத்தியார் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்?

நீ ஆசைப்படுகிற பேராசிரியர் வேலையையும் விசாரித்தேன். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் டிரம்பெட் பேராசிரியர் என்றால் அறுபது பேரை உட்காரவைத்து நோட்ஸ் கொடுப்பவர் இல்லையாம். ஒவ்வொரு மாணவனுக்கும் வாரம் ஒருமுறை தனியாகப் பாடம். அது போக, மேடையேறித் தனிக் கச்சேரி. மற்ற ஆசிரியர்களோடு ஐந்து பேர் குழு: இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டியூபா. பெரும்பாலும் ஐந்தாறு வருடம் போன பிறகுதான் வேலையை நிரந்தரம் செய்வார்களாம். அப்போதும் "எப்படிக் கற்பித்தாய்?" என்பதோடு "எங்கெல்லாம் ஊதினாய்?" என்றும் கேட்பார்கள். சரித்திர வாத்தியார் பழைய நோட்டை வைத்து ஓட்டலாம். உனக்கு நோட்டு உன் உதடு. நாலு நாள் ஊதாவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும்.

சிகாகோ சிம்பனி ஆர்கெஸ்ட்ராவில் அடால்ஃப் ஹெர்செத் என்று ஒருவர், 1948 முதல் 2001 வரை முதல் டிரம்பெட் நாற்காலியில் இருந்தார். நடுவில் 1952-இல் கார் விபத்தில் உதடும் பல்லும் போய், திரும்பி வந்து ஊதியவர். மேல் பல் ஒன்று ஆடுகிறது என்று நான் புலம்பியதை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொருவரை நீதான் போனில் போட்டுக் காட்டினாய், பிரான்ஸ் நாட்டு டிரம்பெட்காரர் மொரிஸ் ஆந்த்ரே. அப்பா சுரங்கத் தொழிலாளி. இவரும் 14 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். பாரிஸ் இசைக் கல்லூரியில் படிக்கப் பணம் இல்லை. பட்டாளத்து பேண்டில் சேர்ந்தால் கட்டணம் கிடையாது என்று அதில் சேர்ந்து உள்ளே போனார். 1967-இல் அதே கல்லூரியில் பேராசிரியர். அவரைப் பற்றி எங்கே படித்தாலும் முதலில் வருவது அந்தச் சுரங்கம்தான். உன் அப்பா 20 வருடமாகக் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியில் தூசி தின்கிறார். அந்தப் படிவத்தில் அவர் தொழிலுக்கு நேரே "பிசினஸ்" என்று போட்டிருக்கிறாய். என்ன பிசினஸ்டா?

டிசம்பர் வரை நேரம் இருக்கிறது என்கிறாய். அதற்குள் ஒரு வரி சேர். பேண்ட் செட், இத்தனை வருடம், கல்யாணம், திருவிழா, சாவு. அவ்வளவு போதும். அதைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள் என்றால் பழி என் மேல், வந்து சண்டை போடு.

அப்புறம், ஒரு கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும், "மாமா, ஒண்ணாவது கட்டையும் மூணாவது கட்டையும் சேர்த்து அழுத்தினா சுருதி ஏறுது, மூணாவது ஸ்லைடை நீட்டுங்க" என்றாய். நான் முறைத்தேன். ஸ்லைடு, அதாவது இழுத்து நீட்டுகிற அந்தக் குழாய், இறுகிப்போய் 11 வருடம் ஆகிறது என்று சொல்ல வெட்கம். மீரட்டில் செய்த டிரம்பெட், நான் தையல் மிஷின் எண்ணெய் போட்டு ஓட்டுகிறவன். போன ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, துணியைச் சுற்றி மெல்ல ஆட்டி ஆட்டி இழுத்தேன். சாயங்காலம் வந்துவிட்டது. நீ சொன்னது சரிதான், அந்தச் சுரம் இப்போது ஒழுங்காக உட்காருகிறது.

ஆவணியில் பாலக்கோட்டில் இரண்டு முகூர்த்தம் பிடித்திருக்கிறேன். ஒரு டிரம்பெட் குறைகிறது.

உன் மாமா
தருமபுரி