தம்பிக்கு, ஆயிரம் அடி தள்ளி நின்று

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அனுமதி உள்ளவர்கள் பட்டியலிலிருந்து உன் பெயரை இன்று காலை எடுக்கச் சொல்லிவிட்டேன். பள்ளி அலுவலகத்தில் யாரும் காரணம் கேட்கவில்லை. நீ கேட்பாய். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன். இரண்டும் ஏற்கெனவே நடந்தாயிற்று. அதனால்தான் எழுதுகிறேன்.

நாலு பேர் படிக்கிற இடத்தில் ஏன் என்று உன் மனைவி கேட்பாள். நாத்தனார் புத்தி என்றே சொல்லட்டும். உன் பெயரை எழுதவில்லை, ஊரையும் எழுதவில்லை. டெக்சாஸ் பெரிய மாநிலம். உன்னைப் போலவே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டும் நம்மவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அந்தக் கைத்துப்பாக்கியை நீ ஏன் வாங்கினாய் என்பதை இங்கே சொல்லமாட்டேன், ஊரில் பெரியம்மா வரை இதைப் படிப்பார்கள். அந்த இரவுக்குப் பிறகு நீ தூக்கமில்லாமல் கிடந்ததை நான் மறக்கவில்லை. அது இப்போது காரில் இல்லை என்று நீ சொல்லிவிட்டதாகவே இதைப் படிக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

அந்த மழை நாள்தான் திரும்பத் திரும்ப வருகிறது. என் கார் பழுதுபார்க்கப் போயிருந்ததால் உன் பக்கத்து இருக்கையில் இருந்தேன். பள்ளி விட்டதும் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள நிற்கும் கார் வரிசை நகரவே இல்லை. மஞ்சள் மேலங்கி போட்ட ஆசிரியை குடையோடு ஓடிவந்து, கதவைத் திறந்து பாப்பாவை ஏற்றிவிட்டு, உன்னைப் பார்த்துக் கையசைத்தார். பாப்பா கண்ணாடியைத் துடைக்க, "மாமா, டிஷ்யூ" என்றாள். உன் கை டாஷ்போர்டுப் பெட்டி வரை போய் நின்றது. என்னைப் பார்த்தாய். நான்தான் திறந்தேன். இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில், கறுப்பு உறையில் இருந்தது. "தொடாதே அக்கா" என்றாய், அப்பா குரலில். பிறகு மெதுவாக, "குண்டு மேகசினில்தான் இருக்கிறது, சுடுகிற சேம்பரில் இல்லை" என்றாய், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து. பின்னால் பாப்பா சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டெக்சாஸில் லைசென்ஸே வேண்டாம்" என்று அன்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். பாதி சரி. 2021 செப்டம்பர் 1 முதல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத, 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். சொந்தக் காரில் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள 2007இலேயே வழிவிட்டுவிட்டார்கள். ஆனால் அது மாநிலச் சட்டம். 1990இல் நாடு முழுவதற்குமாக வந்த ஃபெடரல் சட்டம் ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் 1,000 அடிக்கு, ஏறத்தாழ 305 மீட்டருக்கு, ஒரு வட்டம் போட்டிருக்கிறது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, தேவாலயப் பள்ளி எல்லாம் சேர்த்தி. வட்டத்துக்குள் ஓடும் சாலையும் சேர்த்தி. பள்ளி இருக்கிற மாநிலமே ஆளைச் சோதித்துக் கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. இல்லாவிட்டால் குண்டை நீக்கி, பூட்டிய பெட்டியில் வைத்திருக்க வேண்டும். மாநிலம் உரிமம் கேட்காததால் உன் கையில் உரிமம் வந்துவிடாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை. அதோடு, துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்ற கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தலாம். அந்தக் கார்டுக்காக எத்தனை வருடம் காத்திருந்தாய்? அப்பா காரியத்துக்குக்கூட விசாவைக் காரணம் காட்டி வராமல் இருந்தாய். நான்தான் தனியாக நின்றேன். அப்படிக் காப்பாற்றியதை டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டு சுற்றுகிறாய்.

இந்தச் சட்டத்தின் கதையே நம் மாநிலத்தில்தான் நடந்தது. 1992 மார்ச்சில் சான் அன்டோனியோவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் .38 ரிவால்வரும் ஐந்து குண்டுகளுமாகப் பள்ளிக்கு வந்து பிடிபட்டான். இந்தச் சட்டத்தில்தான் அவன்மேல் வழக்கு. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தில் போட்ட சட்டம் என்று ஃபெடரல் அரசு வாதாடியது. பள்ளியில் துப்பாக்கி வைத்திருப்பதற்கும் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, 1995இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டத்தையே செல்லாதது என்றது. அடுத்த ஆண்டே, வணிகத்தில் மாநிலம் விட்டு மாநிலம் போன துப்பாக்கி என்ற நிபந்தனையைச் சேர்த்து அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்படிப் போகாத துப்பாக்கி எங்கே இருக்கிறது? உன்னுடையதில் செய்த ஊரின் பெயர் பொறித்திருக்கும், எடுத்துப் பார்.

நீ நம் மாநிலத்து உவால்டே பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டைச் சொன்னாய். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 2022 மே 24 அன்று 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் செத்தார்கள். 376 போலீஸ்காரர்கள் வந்தும், வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. "நான் வெளியே நிற்கமாட்டேன் அக்கா, உள்ளே போய்விடுவேன்" என்றாய். போவாய், எனக்குத் தெரியும். பாப்பாவுக்காக நீ எதற்குள்ளும் போவாய். அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. ஆனால் அந்த வரிசையில் தினமும் நடப்பது உவால்டே இல்லை. டிஷ்யூ தேடும் ஒரு குழந்தை. நான் சீட் பெல்ட் போட்டிருக்கிறாளா என்று பார்ப்பதற்குள் முன்னிருக்கைக்குத் தாவிவிடுகிற குழந்தை.

உரிமம் வாங்கிவிடுகிறேன் என்பாய். கட்டணம் 40 டாலர், நான்கிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, குறி பார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டும். வாங்கிவிட்டால், பள்ளிக் கட்டடத்துக்குள் கொண்டுபோகாதவரை, குண்டு நிரப்பியபடியே அதே பெட்டியில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் நிற்கலாம். அப்போதும் பாப்பாவை அனுப்பமாட்டேன். அப்படியானால் இவ்வளவு சட்டம் எதற்குப் பேசினாய் என்று கேட்காதே. பயமாக இருக்கிறது என்றால் சிரிப்பாய், சட்டம் என்றால் காது கொடுப்பாய் என்று நினைத்தேன்.

மனம் நொந்திருந்தால் மன்னித்துக்கொள். நொந்திருக்கத்தான் வேண்டும், ஆனாலும் மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எப்போதும்போல் வா. மாமா ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று பாப்பா கேட்டால், உனக்கு வேலை நேரம் மாறிவிட்டது என்று சொல்லப்போகிறேன். உன்னிடம் கேட்டால் நீயும் அதையே சொல்.

அக்கா