போர் முடிந்தது, தடை முடியவில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். பொருளாதாரத் தடைகள் பற்றிய கட்டுரை படித்தேன். போருக்குப் பிறகு ஒரு நாட்டின் மீது போடும் வணிகத் தடையைத் தோற்றவனுக்கான தண்டனை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் கட்டுரையாளர். எனக்கு அது போதவில்லை.

ஈராக்கையே பாருங்கள். 1990 ஆகஸ்ட் 2 அன்று அதன் படை குவைத்துக்குள் நுழைந்தது. நான்கே நாளில் ஐ.நா. பாதுகாப்பு அவை 661-ஆம் தீர்மானத்தின் மூலம் ஈராக்கின் வணிகத்தை முடக்கியது. படை வெளியேற வேண்டும், குவைத்தின் பழைய அரசு திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தடை. சரி, அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை போரில் வென்று, 1991 மார்ச் நடுவுக்குள் இரண்டும் ஆயிற்று. அப்புறமும் தடை போகவில்லையே, ஏன்?

ஏப்ரலில் வந்த 687-ஆம் தீர்மானம் அதே தடைக்குப் புது வேலை கொடுத்தது. பேரழிவு ஆயுதங்களையும் 150 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணைகளையும் ஒழிக்க வேண்டும், இழப்பீடு கட்ட வேண்டும் என்று நிபந்தனைகள் வந்தன. வென்ற படைகள் ஊர் திரும்பிய பிறகு இதையெல்லாம் செய்யவைக்க ஒரு பிடி வேண்டுமல்லவா? எண்ணெய் விற்பனைதான் அந்தப் பிடி. தண்டனை என்பதைவிட அடகு என்றால் பொருந்தும். இழப்பீட்டில் அது பலித்தது என்றே சொல்ல வேண்டும்: எண்ணெய் வருமானத்திலிருந்தே பிடித்து, 2022-இல் கடைசித் தவணை வரை மொத்தம் சுமார் 5,240 கோடி டாலர் வசூலானது.

ஆனால் அடகை மீட்க நாள் குறிக்கவில்லை. தடையை நீக்கப் பாதுகாப்பு அவையில் மறுபடி வாக்கெடுக்க வேண்டும். நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவர் மறுத்தாலும் முடிந்தது கதை. இறக்குமதிக்கு அனுமதி தரும் குழுவிலோ பதினைந்து நாடுகளில் எது வேண்டுமானாலும் ஒரு சரக்கை நிறுத்தி வைக்கலாம். குடிநீரைச் சுத்தம் செய்கிற குளோரின் ரசாயன ஆயுதத்துக்கும் உதவும் என்பதால் அதற்கும் கெடுபிடி. மனிதாபிமானப் பணிகளுக்குப் பொறுப்பாக அங்கிருந்த ஐ.நா. அதிகாரி டெனிஸ் ஹாலிடே 1998-இல் வெறுத்துப்போய்ப் பதவி விலகினார். தடை நீங்கியது 2003 மே மாதம், அதுவும் இன்னொரு போர் ஆட்சியையே கவிழ்த்த பிறகு. தேடிய ஆயுதக் கிடங்குகள் கடைசிவரை அகப்படவில்லை.

2000-இல் எரித்ரியா, எத்தியோப்பியா மீது ஆயுதத் தடை போட்டபோது 12 மாதம் என்று கெடு வைத்தே போட்டார்கள். மறு ஆண்டு அது காலாவதியானது. தடைக்கு முன்கூட்டியே நாள் குறிக்கும் இந்த மாற்றத்தைப் பற்றியும் கட்டுரையாளர் எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்