பெரியப்பாவின் வலது கால்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பேரனுக்குக் காய்ச்சல் விட்டு, உள்ளங்கைக் கொப்புளங்களும் வாடிவிட்டன என்று நேற்று நீ சொன்ன பிறகுதான் உன் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாள். சிங்கப்பூரில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கை, கால், வாய் நோய் அடிக்கடி வருவதுதான். ஆனால், "வாய்க்குள் போன கிருமி உள்ளங்காலில் எப்படியப்பா முளைக்கிறது?" என்று நீ கேட்டபோது, முப்பது ஆண்டுகள் ஸ்லைடில் வெள்ளணுக்களை எண்ணிச் சம்பளம் வாங்கிய எனக்குத் தொலைபேசியில் கோர்வையாகப் பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கிருமிகளுக்கு என்டிரோவைரஸ், அதாவது குடல் வைரஸ், என்று பெயர். பேரனைப் படுத்தியிருக்கக்கூடிய காக்சாக்கியும் என்டிரோவைரஸ் 71-உம், உன் பெரியப்பாவின் வலது காலைச் சூம்பவைத்த போலியோவும் ஒரே குடும்பம். கொழுப்பு உறை ஏதுமின்றிக் கெட்டியான புரத ஓட்டுக்குள் இருப்பதால், இரைப்பையின் அமிலத்தைத் தாங்கிக்கொண்டு இவை குடலுக்குப் போய்விடும்.

இவை பெருகும் இடங்களைக் கவனி. தொண்டையில் டான்சில், சிறுகுடல் சுவரில் பேயர் திட்டுகள்; இரண்டுமே உடம்பு தன் காவலுக்கு வைத்திருக்கும் சாவடிகள். பேயர் திட்டின் மேலுள்ள ‘எம்’ (M) எனப்படும் செல்களின் வேலை, குடலில் போவதில் சிறிது அள்ளி, கீழே காத்திருக்கும் வெள்ளணுக்களுக்குக் காட்டுவது. போலியோ வைரஸ் அந்த வாசல் வழியாகவே உள்ளே போகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். போலியோ பற்றிக்கொள்ளும் சிடி155 என்ற புரதம் மோனோசைட் எனப்படும் வெள்ளணுவின் மேலும் இருக்கிறது. என்டிரோவைரஸ் 71-இன் சில வகைகள், வெள்ளணுக்களின் மேலுள்ள பிஎஸ்ஜிஎல்-1 என்ற புரதத்தைப் பற்றுவதை 2009-இல் ஜப்பானியர் கண்டறிந்தார்கள். இன்னொன்று எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. இந்த வைரஸ்கள் பல ஒன்றாகக் கூடி, ஒரே கொழுப்புப் பைக்குள் ஏறி ஒரு செல்லிலிருந்து வெளியேறி, சாகும் செல்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுவுக்குள் அப்படியே புகுவதை 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாகும் செல்கள் தம் மேற்புறத்தில் வெளிக்காட்டும் பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்புதான் அந்தப் பையின் மேலும் இருக்கிறது.

காவல்காரர்களைப் பிடித்த பிறகு நிணநீர் முடிச்சு தூரமில்லை. கழுத்தில் நெறி கட்டியிருந்தது என்றாயே, அங்கே ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. அதைத் தாண்டினால் இரத்தம். இரத்தத்தில் கலந்துவிட்டால் தோல், இதயம், மூளையுறை என எங்கும் போகலாம். போலியோ மூக்கிலிருந்து நரம்பு வழியாகவே மூளைக்கு ஏறுகிறது என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். வாதம் வருவதற்குச் சில நாள் முன்பே வைரஸ் இரத்தத்தில் இருப்பதை 1952-இல் டோரதி ஹார்ஸ்ட்மனும் டேவிட் போடியனும் தனித்தனியே குரங்கினங்களில் காட்டிய பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருந்தால் வழியிலேயே மறித்துவிடலாம் என்பதும் அதனால்தான் தெளிவாயிற்று. தடுப்பூசி செய்வதும் அதையே.

போலியோ தொற்றிய பிள்ளைகளில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வரும். பெரியப்பாவுக்கு மூன்று வயதில் வெறும் காய்ச்சல்தான். ஊரில் வைத்தியம் பார்த்த ஒருவர் வலது தொடையில் ஊசி போட்டார். இரண்டு நாளில் அந்தக் காலே விழுந்துவிட்டது என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கிழவியின் ஆற்றாமை என்றே நான் நினைத்திருந்தேன். ஊசியால் தசையில் ஏற்படும் காயம், இரத்தத்தில் இருக்கும் வைரஸ் அந்தத் தசையின் நரம்பைப் பற்றித் தண்டுவடத்துக்கு ஏற வழி செய்கிறது என்பதைப் பிற்பாடு படித்தபோது, பாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இருந்தது.

இப்போது உன் காரியத்துக்கு வருகிறேன். கொப்புளம் காய்ந்துவிட்டது என்று அசட்டையாக இருந்துவிடாதே. மலத்தில் இந்தக் கிருமி இன்னும் சில வாரங்கள் வந்துகொண்டிருக்கும். கொழுப்பு உறை இல்லாததால், கையில் தடவும் ஆல்கஹால் திரவம் இதற்குப் போதாது. டயப்பர் மாற்றிய ஒவ்வொரு முறையும் நீயும் மாப்பிள்ளையும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கையைக் கழுவுங்கள். விடாத காய்ச்சல், ஓயாத வாந்தி, தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு உதறுவது, நடக்கும்போது தள்ளாடுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போ.

பேரனின் தடுப்பூசி அட்டையைப் படமெடுத்து அனுப்பு. போலியோ கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருக்கின்றனவா என்று பெரியப்பா தம் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா