காணாமல் போன நான்கு கப்பல்களைத் தேடியவருக்கு

மதிப்புக்குரிய அட்மிரல் எட்வின் லேட்டன் அவர்களுக்கு,

நீங்கள் 1984-லேயே காலமாகிவிட்டீர்கள். கடிதம் கைக்கு வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உளவு என்றாலே மாறுவேஷமும் துப்பாக்கியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உங்கள் வேலையில் அது எதுவும் இல்லை. ஒட்டுக்கேட்ட வானொலிச் செய்திகள், கப்பல்களின் பட்டியல், கடல் வரைபடம், அப்புறம் தினமும் போய் நின்று பதில் சொல்ல வேண்டிய ஒரு தளபதி. 1929-இல் மொழி படிக்க ஜப்பானுக்குப் போனீர்கள். பிறகு டோக்கியோ தூதரகத்திலும் வேலை பார்த்தீர்கள். 1940 டிசம்பரில் ஹவாய்த் தீவிலுள்ள பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில் அமெரிக்கப் பசிபிக் கடற்படையின் உளவு அதிகாரியானீர்கள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

1941 டிசம்பர் 2 அன்று தளபதி கிம்மலிடம் நீங்கள் கொண்டுபோன தாளைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். ஜப்பானியக் கப்பல்கள் எங்கெங்கே நிற்கின்றன என்ற கணக்கு அது. விமானந்தாங்கிக் கப்பல்களின் முதல் பிரிவும் இரண்டாம் பிரிவும் அதில் இல்லை. ஜப்பானியர்கள் நவம்பர் 1 அன்று வானொலி அழைப்புக்குறிகளை, அதாவது ஒவ்வொரு கப்பலும் வானொலியில் தன்னை அடையாளம் சொல்லும் குறிகளை, மாற்றியிருந்தார்கள். ஒரே மாதத்தில், டிசம்பர் 1 அன்று, மறுபடியும் மாற்றினார்கள். யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதே பிடிபடவில்லை. கிம்மல் கேட்டார்: அப்படியென்றால் அவை டைமண்ட் ஹெட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தாலும் உமக்குத் தெரியாதா? டைமண்ட் ஹெட் என்பது அந்தத் தீவின் கரையிலேயே நிற்கும் மலை. அதற்கு முன்பே யார் கண்ணிலாவது பட்டிருக்கும் என்று நம்புகிறேன் என்றீர்கள்.

ஜப்பான் பக்கத்துக் கடலில்தான் இருக்கும் என்பது உங்கள் ஊகம். அதையே உறுதியான தகவல் போல எழுதி இடத்தை நிரப்பியிருந்தால், அந்த நேரத்தில் யாரும் உங்களைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. ஊகத்தை ஊகமென்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னீர்கள். அது நேர்மைதான், ஆனால் போதவில்லை. ஐந்து நாளில் அந்தக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் வந்து பேர்ல் ஹார்பரைத் தாக்கின. 2,403 அமெரிக்கர்கள் செத்தார்கள்.

கிம்மலின் பதவி போயிற்று. அடுத்து உங்கள் தலைதான் உருளும் என்று எவரும் நினைத்திருப்பார்கள். புதிய தளபதியாக வந்த நிமிட்ஸ் பழைய ஆட்களையே வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு நாசகாரிக் கப்பலைக் கொடுங்கள், கடலுக்குப் போகிறேன் என்று நீங்கள் கேட்டும் விடவில்லை. இங்கே உட்கார்ந்தே அதைவிட அதிகமாக எதிரியை அழிக்கலாம் என்றார். உங்கள் வாழ்க்கையிலேயே பெரிய திருப்பம் இதுதான் என்பேன். மிட்வே தீவுப் போரில் கிடைத்த பெயரெல்லாம் அப்புறம்தான்.

1942 மே மாதம், மிட்வேயைத் தாக்க வரும் ஜப்பானியக் கப்பல்கள் எங்கே, எப்போது தென்படும் என்று நிமிட்ஸ் உங்களிடம் கேட்டார். குறிப்பாகச் சொல்வது கஷ்டம் என்று தயங்கினீர்கள். அவர் விடவில்லை. கடைசியில் சொன்னீர்கள்: வடமேற்கிலிருந்து, 325 டிகிரி திசையில் வருவார்கள், மிட்வேயிலிருந்து 175 மைல் தூரத்தில், காலை ஆறு மணி வாக்கில் கண்ணில் படுவார்கள். ஜூன் 4 காலையில் செய்தி வந்ததும் நிமிட்ஸ் சொன்ன கணக்கு: ஐந்து நிமிடம், ஐந்து டிகிரி, ஐந்து மைல்தான் பிசகு. அன்று அடிபட்டு மறுநாளுக்குள் மூழ்கியவை அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு. டிசம்பர் 2 தாளில் நீங்கள் இடம் குறிக்க முடியாமல் விட்ட அதே நான்கு கப்பல்கள்!

ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோ விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. டோக்கியோவில் அவரோடு நேரில் பழகியவர் நீங்கள். 1943 ஏப்ரலில் அவருடைய பயணத் திட்டம் சங்கேதச் செய்தியில் சிக்கியது. இவரைக் கொன்றால் இவரைவிடக் கெட்டிக்காரர் யாராவது வருவாரா என்று நிமிட்ஸ் கேட்டார். யாரும் இல்லை என்றீர்கள். ஏப்ரல் 18 அன்று பூகன்வில் தீவின் மேல் அவர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். தொழில்முறையில் பார்த்தால் உங்கள் பதில் சரியானதுதான். பழகிய மனிதரைப் பற்றி அதை எப்படிச் சொன்னீர்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

உங்களோடு ஜப்பானியம் படித்த நண்பர் ஜோசப் ரோஷஃபோர்ட்டுக்கு நடந்தது வேறு. நிலவறையில், சீருடைக்கு மேல் வீட்டு அங்கியும் காலில் செருப்புமாக உட்கார்ந்து ஜப்பானியர்களின் சங்கேதத்தை உடைத்தது அவருடைய குழு. தாக்கப்போகும் இடத்துக்கு ஜப்பானியர்கள் வைத்த குறிப்பெயரான ‘ஏ.எஃப்’ மிட்வேதானா என்று பார்க்க, அங்கே குடிநீர் இயந்திரம் பழுது என்று ஒரு பொய்ச் செய்தியை வெளிப்படையாக அனுப்ப வைத்தார்கள். ஏ.எஃப்-இல் தண்ணீர் இல்லை என்று ஜப்பானியர்கள் தங்களுக்குள் சொல்லி மாட்டிக்கொண்டார்கள். வாஷிங்டன் அதிகாரிகளோ ரோஷஃபோர்ட்டோடு மல்லுக்கு நின்றவர்கள். 1942 அக்டோபரில் அவரை அந்த வேலையிலிருந்தே கழற்றிவிட்டார்கள். பிறகு ஒரு மிதக்கும் கப்பல் பட்டறைக்குத் தலைவராகப் போட்டார்கள். நிமிட்ஸ் சிபாரிசு செய்த பதக்கமும் மறுக்கப்பட்டது. அது வந்து சேர்ந்தது 1986-இல், அவர் இறந்து பத்து வருடம் கழித்து.

1945 செப்டம்பர் 2 அன்று மிசௌரி கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது நிமிட்ஸ் உங்களையும் கூட்டிப்போனார். உங்களுக்கு அந்த இடம் தகும். பக்கத்தில் ரோஷஃபோர்ட்டையும் நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்