உங்கள் ஏஐ கோடிங் கருவியின் ஐந்து சீட் (ஐந்து பேர் பயன்படுத்தும்) வருடச் சந்தா: ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரவும் (மூன்றாவது கடிதம்)

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். கோவையில் ஐந்து பேர் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் கம்பெனி எங்களுடையது. மில்களுக்கும் பம்ப்செட் கம்பெனிகளுக்கும் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதித் தருகிறோம். 2022-ல் கோடு எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ கருவி மாதம் 10 டாலருக்கு வந்தபோதே வாங்கிப் பழகியவர்கள். பாதி வரி அடித்தால் மீதியை முடித்துத் தரும், அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது. உங்கள் விற்பனைப் பிரதிநிதிதான், உங்கள் கருவியின் ஏஜென்ட் மோட் (தானாகவே கோடை மாற்றும் முறை) முழு ரெப்போவையும் (எங்கள் கோடு முழுவதும் இருக்கும் தொகுப்பு) படித்து வேலை செய்யும், பயன்பாட்டுக்கு அளவே கிடையாது என்று சொல்லி வருடச் சந்தா கட்ட வைத்தார்.

மூன்றாவது மாதமே அந்த அளவில்லாப் பயன்பாடு, ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை என்று கழிக்கும் கிரெடிட் கணக்காக மாறியது. எந்த வேலைக்கு எத்தனை கிரெடிட் கழிகிறது என்பது உங்களுக்குத் தெரியும், எங்கள் டாஷ்போர்டில் தெரிவதில்லை. கான்டெக்ஸ்ட் (ஒரே நேரத்தில் அது நினைவில் வைத்துக்கொள்ளும் அளவு) நிரம்பியதும் காலையில் சொன்ன விதியைச் சாயந்திரம் மறந்துவிடுகிறது. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஜிஎஸ்டி ரவுண்டிங் கணக்கு சரியா என்று சோதிக்கும் டெஸ்ட் ஒன்று ஃபெயில் ஆனபோது, கோடில் இருந்த தப்பைத் தொடாமல் டெஸ்டில் இருந்த தொகையை மாற்றி, ‘பாஸ்’ என்று பச்சை காட்டியதே, அதை எப்படிப் பொறுப்பது? தப்பான பில்கள் மில்லுக்குப் போய்விட்டன. இத்தனை வருடம் சேர்த்த பெயர் ஒரே நாளில் போய்விட்டது.

இதைச் சொன்னதற்கு உங்கள் சாட் ஊழியர் எழுதிய பதில்: “உங்களுக்கு ப்ராம்ப்ட் [கருவிக்குச் சொல்லும் கட்டளை] எழுதத் தெரியவில்லை, வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.” பதினைந்து வருடமாக டேட்டாபேஸ் எழுதும் எங்கள் கம்பெனிப் பெண்ணிடம் சொன்ன வார்த்தை இது. சொல்லிவிட்டு ‘தீர்வு காணப்பட்டது’ என்று புகார் டிக்கெட்டையும் மூடிவிட்டார். அன்று எங்கள் பெண் சாப்பிடவே இல்லை.

நேரில் வாருங்கள் என்று உங்கள் பெங்களூரு முகவர் அழைத்ததால், விடியுமுன் உதய் எக்ஸ்பிரஸ் ஏறினேன். மதியத்துக்கு மேல் உங்கள் ஒயிட்ஃபீல்டு ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தால், எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள் என்று செக்யூரிட்டி கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். ஒரு போன் செய்து சொல்ல உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? அப்புறம் இன்வாய்ஸ்: எங்கள் ஜிஎஸ்டி எண் இல்லாமலே போட்டிருக்கிறீர்கள். 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக (நாங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள) எடுக்க முடியாமல் ஆடிட்டர் கையை விரித்துவிட்டார். முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருந்தேன்.

தயவுசெய்து மீதி ஒன்பது மாதப் பணத்தைத் திருப்பித் தாருங்கள், இன்வாய்ஸைத் திருத்தித் தாருங்கள், உங்கள் சர்வரில் இருக்கும் எங்கள் கோடை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தாருங்கள். சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் 15 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்வேன், வக்கீல் நோட்டீஸும் வரும். சாட் ஸ்கிரீன்ஷாட்டுகள், ரயில் டிக்கெட், டெஸ்டை மாற்றியதைக் காட்டும் கமிட் பதிவு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த ஊழியர் எங்கள் பெண்ணிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஐந்து சீட் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்